மெல்ல இறங்கிய பெடல்

தச்சர் தன் கையாலேயே பாகம் பாகமாகப் பூட்டி முடித்த காரில், அன்றைக்கு அப்பாவை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று வந்துவிடத் துடித்தார். மனைவி உள்ளே அமர்ந்து பிரேக்கை மிதிக்க, அவர் சக்கரத்தடியில் படுத்துத் திருகைத் தளர்த்தி, பிரேக் ஆயிலில் சிக்கியிருந்த காற்றை வெளியேற்றினார். நாலு சக்கரத்திலும் குமிழி வருவது நின்றது.

"பெடல் இப்ப கல்லு மாதிரி இருக்குல்ல? கிளம்பலாம்."

அவள் மிதித்த காலை எடுக்கவில்லை. கல்லாக நின்ற பெடல் மெல்ல மெல்ல உள்ளே இறங்கியது.

"இறங்குதுங்க."

"உன் கால் ஓஞ்சுபோச்சு. எழுந்திரு, அப்பா காத்துக்கிட்டிருக்காரு."

அவள் சாவியை உருவிக் கைக்குள் பொத்திக்கொண்டாள். "நீங்க பாக்காம நான் எழுந்திரிக்க மாட்டேன்."

முணுமுணுத்தபடி அவர் டார்ச்சோடு குனிந்தார். முன்சக்கரத்துக்குப் போகும் பிரேக் குழாயின் மூட்டில் ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. அதை முறுக்க மறந்தது அவரேதான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பிரேக் பிடிக்காத வண்டியில அப்பாவை ஏத்திக்கிட்டுப் போயிருப்பேனே" என்றார்.

வாசலில் சலவைச் சட்டையோடு நின்ற பெரியவர் கத்தினார்: "என்னடா, வண்டி வருமா, நான் நடந்தே போயிடவா?"

"இன்னிக்கு வேணாம் மாமா" என்று அவள் பதில் கொடுத்தாள். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, அப்புறம்தான் எழுந்தாள்.