ஊசிமேல் வைத்த காசு

தையல் கடையைப் பூட்டிவிட்டு வந்த அக்காவுக்கு, வீட்டுக்குள் நுழைந்த வேகத்திலேயே ரத்தம் கொதித்தது. ரெக்கார்டு பிளேயரில் ஊசிக்கு மேலே யாரோ ஒரு காசை வைத்து டேப் சுற்றியிருந்தார்கள். யாரோ என்ன யாரோ, வீட்டில் இருப்பதே இரண்டு பேர்தான்.

"என்னடா இது?"

"தட்டு தாவித் தாவி ஓடுச்சுக்கா. கொஞ்சம் கனம் வெச்சா நிக்கும்னு..." என்றான் தம்பி. லாரி ஓட்டுகிறவன். எதையும் பாரம் ஏற்றிச் சரிசெய்துவிடலாம் என்று நினைக்கிற ஜென்மம்.

அவள் பூதக்கண்ணாடியை எடுத்து ஊசியைப் பார்த்தாள். முனை ஒரு பக்கம் பெயர்ந்து, கத்தி மாதிரி நின்றது. முனை முறிந்த ஊசி என்ன பாடு படுத்தும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

செத்துப்போன அம்மாவின் குரல் ஒரே ஒரு தட்டில்தான் இருக்கிறது. பொருட்காட்சியில் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று பேசிப் பதிந்தது, மொத்தம் இரண்டு நிமிடம். பாதி நேரம் சிரிப்பு, மீதி நேரம் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் திட்டு. தேய்ந்துவிடுமே என்று அக்கா அதை வருஷத்துக்கு ஒரு தரம்தான் போடுவாள். கேட்டு முடித்ததும் துணி உறையில் போட்டுத் தைத்துவிடுவாள்.

"எத்தனை நாளா இந்தக் கூத்து?"

"பத்து நாள் இருக்கும். அக்கா, நான் சொல்றதை..."

"வாயை மூடு! ஒரு பொருளை உருப்படியா வெச்சுக்கத் துப்பிருக்கா உனக்கு? பெத்தவ குரலையே நாசம் பண்ணிட்டியேடா, பாவி!"

"இல்லக்கா, நான்..."

"பேசாதேன்னேன்!"

அலமாரியைத் திறந்து உறையை இழுத்தாள். கத்தரி தேடக்கூடப் பொறுமையில்லை, தையலைப் பல்லால் கடித்துப் பிரித்தாள். தட்டைச் சுழலவிட்டு, காசோடு சேர்த்து ஊசியை இறக்கினாள். தடுக்க வந்தவனை முழங்கையால் தள்ளினாள்.

"கேளு! நீ பண்ணின காரியத்தை உன் காதாலேயே கேளு!"

தகரத்தைச் சுரண்டுகிற சத்தம். ஊசிக்கடியில் கறுப்புத் துருவல் சுருள் சுருளாகக் கிளம்பியது. எங்கேயோ அம்மா சிரித்தாள், பிறகு அதுவும் கேட்கவில்லை.

தம்பி எட்டி ஊசியைத் தூக்கினான். முகம் வெளுத்திருந்தது.

"அம்மா தட்டை நான் தொடவே இல்லக்கா. வேற தட்டுதான் போட்டேன். நீ தெச்ச தையல் அப்படியேதானே இருந்துச்சு? இப்பதானே பிரிச்ச?"

அக்கா பிரிந்த நூல் தொங்கிய உறையைப் பார்த்தாள். ஆனாலும் கோபம் அடங்கவில்லை. போக வேறு இடமில்லாமல் அவன்மேலேயே பாய்ந்தது.

"அதை முன்னாடியே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானேடா!"

"நீ எங்கக்கா சொல்ல விட்ட?"