கடித்தால் திரை சிவக்கும்

லியோனார்ட் காசிமேட்டில் நண்டு வலை விடுகிறவர். வலையில் கடல் பாம்பு சிக்கினால் கொல்ல மாட்டார். வாலைப் பிடித்துத் தூக்கித் தண்ணீரில் எறிந்துவிடுவார். அங்கே எல்லோரும் அப்படித்தான். கையுறையாவது, குச்சியாவது. அதைப் பார்த்துப் பார்த்து அவர் மகள் ரேச்சலுக்கும் பயம் விட்டுப்போயிருந்தது.

மிச்சத்தைக் கற்றுக்கொடுத்தது போன் விளையாட்டு. அதில் வரும் பாம்புக்குக் கண் ஜொலிக்கும், தூரத்திலேயே சீறும். கடித்தால் திரை முழுக்கச் சிவக்கும். அதைச் செய்த புண்ணியவான் நிஜப் பாம்பைப் பார்த்தானோ என்னவோ. கடல் பாம்பு கடித்தால் பெரிதாக வலிக்கவே வலிக்காது. ஒரு சுருக், அவ்வளவுதான். விஷம் பாட்டுக்கு உள்ளே வேலை பார்க்கும். பச்சைப் பிள்ளைக்கு இதை யார் சொன்னார்கள்?

சனிக்கிழமை காலை ரேச்சலும் அம்மாவும் கரையில் உட்கார்ந்து வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தார்கள். லியோனார்ட் ஐஸ் வாங்கப் போயிருந்தார். வலையில் கிடந்த சின்னப் பாம்பை ரேச்சலே வாலைப் பிடித்துக் கடலில் எறிந்தாள். எறியும்போது அது ஒருமுறை திரும்பியது.

"இன்னாடி, கைய உதறிகினு கீற?" என்றாள் அம்மா ஃப்ளோரா.

"பாம்பும்மா. தூக்கிப் போட்டுட்டேன்."

"கடிச்சிச்சா?"

"கடிச்சா தெரியாதா?"

பொய் சொல்லவில்லை பிள்ளை. கடி என்றால் எப்படியிருக்கும் என்று தனக்குத் தெரியும் என்றே நம்பினாள். ஃப்ளோரா விரலைப் பார்த்தாள். இரண்டு சின்னப் புள்ளிகள். நண்டு கழற்றுகிற கையில் இதைப்போல் எத்தனையோ இருக்கும். கடல் தண்ணீரில் கழுவிவிட்டு வேலையைப் பார்த்தாள்.

மதியம் ரேச்சல் கால் வலிக்கிறது என்றாள். கழுத்தும் வலித்தது. குந்தியே இருந்ததால் என்று சொல்லி, ஃப்ளோரா போனைக் கொடுத்துப் படுக்க வைத்தாள்.

சாயங்காலம் பிள்ளையின் இமைகள் பாதிக் கண்ணுக்கு இறங்கியிருந்தன.

"தூக்கம் வந்தா போன வெச்சிட்டு தூங்குமா," என்றார் லியோனார்ட்.

"தூக்கம் வரல நைனா. ரெண்டு பாம்பு வருது. எத அடிக்கிறது?"

அவர் திரையைப் பார்த்தார். ஒரு பாம்புதான் இருந்தது. எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்று முன்பு படகில் பாம்பு கடித்த ஒருவன் சொல்லி அவர் கேட்டிருக்கிறார். அவன் கரைக்குப் பிணமாகத்தான் வந்தான்.

"பாம்பத் தொட்டியா? வாயத் தொறந்து சொல்லுமா."

ரேச்சல் திறக்கப் பார்த்தாள். தாடை அசையவில்லை.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி, ஃப்ளோராவோடு ஆட்டோவில் ஏறினார். ஆட்டோ ஓட்டிய ராசையா திரும்பிப் பார்த்தான்.

"இன்னாச்சு மாமு?"

"பாம்பு."

"எப்ப கடிச்சிது?"

லியோனார்ட் ஃப்ளோராவைப் பார்த்தார். அவள் மகளின் விரலைப் பிடித்திருந்தாள்.

"காலைல," என்றாள்.

ராசையா முன்னால் திரும்பி ஆஸ்பத்திரிப் பக்கம் வண்டியை விரட்டினான்.