என் கைல போனது உப்புத்தண்ணியா?

இல்லங்க, அப்படி ஈஸியா விட முடியல என்னால. ஊசி போட்டு நாப்பத்திரெண்டு நாளாச்சு, உள்ள போனது புது தடுப்பு மருந்தா, வெறும் உப்புத்தண்ணியான்னு எனக்குத் தெரியாது. அந்த மருந்த ஆளுங்களுக்குப் போட்டுப் பாக்குற சோதனைல நானும் சேந்திருக்கேன், அதுல பாதிப் பேருக்கு உப்புத்தண்ணிதான். போட்ட நர்ஸுக்கே தெரியாது! சிரிஞ்சு மேல காகிதம் சுத்தி ஒட்டியிருந்தாங்க. நான் எட்டி எட்டிப் பாத்தேன், "கழுத்து சுளுக்கிக்கப் போகுதும்மா"ன்னாங்க.

நான் வேலை பாக்குறது ரத்தம் எடுக்குற லேப்ல. அதான் வினையே. நானே என் கையில குத்தி ஒரு டியூப் எடுத்து மெஷின்ல வச்சா, அரை மணி நேரத்துல மருந்தா தண்ணியான்னு ஓரளவுக்குத் தெரிஞ்சிடும். வெளிய டெஸ்ட் பண்ணிக்க மாட்டேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்தான். ஆனா வீட்ல அண்ணன் இருக்கானே. கிட்னி மாத்தி மூணு மாசம். எதிர்ப்பு சக்திய மாத்திரை குடுத்து அமுக்கி வச்சிருக்காங்க, சின்னதா ஏதாவது தொத்திக்கிட்டாக்கூட ஆபத்து. நானோ நாள் பூரா இருமுறவங்க நடுவுல இருக்கேன். அதனால அவன் ரூமுக்குள்ள எனக்குத் தடா.

நிஜ மருந்துன்னு மட்டும் தெரிஞ்சா உள்ள போயிடலாம், இதே நெனப்பு எனக்கு.

நேத்து மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தாங்க. என் ரத்தத்த எடுத்து டியூப்ப நெரப்பிட்டேன். மெஷின்ல வைக்கிறதுக்கு முன்னாடியே சந்தோஷம் தாங்கல, அண்ணனுக்கே போன் போட்டேன்.

"டேய் அண்ணா, சாயங்காலம் உன் பக்கத்துலயே உக்காந்து செஸ்ல உன்ன ஓட விடப்போறேன்."

"யாருடி உன்ன உள்ள விட்டா?"

விஷயத்தச் சொன்னேன்.

"சரி, மருந்துன்னே வருதுன்னு வை. அப்புறம்?"

"அப்புறம் என்ன, எனக்கு எதுவும் தொத்தாது. உள்ள வருவேன்."

"தொத்தாதுன்னு யாரு சொன்னா?"

"மருந்துடா!"

"அறிவாளி. அது வேலை செய்யுதான்னு பாக்கத்தானே உங்களயெல்லாம் கூப்பிட்டிருக்காங்க? செஞ்சவங்களுக்கே இன்னும் தெரியாது, உனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

நான் கையில இருந்த டியூப்பத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். அவனே தொடர்ந்தான்.

"ஆசையா இருந்தா பாத்துக்க. எனக்காகப் பாக்குறேன்னு மட்டும் சொல்லாத. ரிசல்ட்ட நம்பி நீ மாஸ்க்கக் கழட்டினா, மாட்டிக்கிறது நான்தான்."

கோவமாக்கூட சொல்லல பாவி, நிதானமா சொன்னான். டியூப் கையில வெதுவெதுன்னு இருந்துச்சு. அதக் கழிவு டப்பாவுல போட்டு மூடிட்டேன்.

சாயங்காலம் அவன் ரூமுக்கு வெளிய, மாஸ்க்கோட, தள்ளி ஒரு நாற்காலி போட்டேன். போர்டு அவன்கிட்ட. எந்தக் காய எங்க வைக்கணும்னு நான் கத்துவேன், என் காயையும் அவனே நகத்துவான்.

"டேய், என் குதிரைய அங்க வைக்கச் சொல்லல!"

"நீ சொன்ன எடத்துலதான் வச்சேன். கண்ணாடி மாத்து."

திருட்டுப் பய. ரெண்டு ஆட்டம் தோத்தேன். அம்மா வேற அவன் பக்கம்.

இன்னும் நாலு மாசம் கழிச்சுத்தான் யாருக்கு எதுன்னு சொல்வாங்களாம். அண்ணன் சொன்னது சரிதான், ஒத்துக்குறேன். அவனுக்காகப் பாக்க வேண்டியதில்ல. ஆனா அரிப்பு போகல பாருங்க! உண்மையச் சொல்லுங்க, நீங்க என் எடத்துல இருந்தா, வெறும் ஆசைக்காகவாவது ஒரு தடவ பாத்திருக்க மாட்டீங்களா?