மேசைக் காலுக்கு அடியில் ஒரு எஸ்எஸ்டி

தீபன் ஈப்போவிலிருந்து எஸ்எஸ்டியை வாங்கிக்கொண்டு சிம்பாங் பூலாய் வீட்டுக்கு வந்தபோது, அவனுடைய மாமியார் கலாதேவி கேட்டுக்கு உள்பக்கம் நின்றிருந்தார். கேட்டைத் திறக்கவில்லை.

“கையில என்னா மாப்பிள?”

“கம்ப்யூட்டருக்கு, அத்தை. பழைய ஹார்ட் டிஸ்க் சாகப் போவுது. அதுல உள்ளத எல்லாம் இதுக்கு மாத்தணும்.”

“புதுசா?”

“கடையிலதான் வாங்குனேன்.”

“அப்ப வெளிய வைங்க.”

தீபனின் மனைவி தினேஸ்வரி இறந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. தலைத் திவசம் முடியும்வரை புதுச் சாமான் எதுவும் வாசலைத் தாண்டக் கூடாது. கோப்பெங்கிலிருந்து துணிப்பையோடு வந்து தங்கிவிட்ட கலாதேவி இந்தச் சட்டத்தைக் காவல் காத்தார். அரிசி, சவர்க்காரம் இதில் சேராது. தீர்ந்துபோகிறதெல்லாம் சாமான் இல்லை. பல் பிரஷ் சேரும். தீபனின் புது பிரஷை வாசலிலேயே வாங்கி, தன் சிலிப்பரில் நாலு தேய்ப்புத் தேய்த்து, “இப்பப் பழசு” என்று உள்ளே விட்டவர் அவர். அவன் அதைக் கழுவிவிட்டுப் பல் துலக்கினான். எதற்கும் அவன் மறுப்புச் சொல்வதில்லை.

இதற்கு மட்டும் சொன்னான்.

“அந்த டிஸ்க் செத்துச்சுன்னா தினேஸ் பேச்சும் போயிரும் அத்தை.”

கலாதேவியின் கை கேட்டுக் கம்பியிலேயே நின்றது.

கூடத்திலிருந்த கணினி மெத்தனமானது. பட்டனை அமுக்கிவிட்டுப் போய் கோப்பி கலக்கலாம். முறுக்குத் தின்ற கையோடு கீபோர்டைத் தொடுகிறான் என்று தினேஸ்வரி ஒருநாள் கோபத்தில் தன் குரலைப் பதிந்து, கணினி கிளம்பி முடித்ததும் ஒலிக்கும்படி வைத்துவிட்டாள். “கையக் கழுவிட்டு உக்காருங்க. ஒரே எண்ண.” அவ்வளவுதான். தீபன் பட்டனை அமுக்கிவிட்டு அடுப்படிக்குப் போவான். குழாயைத் திறக்கும் நேரத்துக்குக் கூடத்திலிருந்து அவள் கூப்பிடுவாள். தினமும் அந்த நேரத்தில் கலாதேவி அடுப்பைச் சின்னதாக்குவார். இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

ஃபோனிலும் அவன் அதைப் பிடித்து வைத்திருந்தான். ஃபோனில் அவள் எங்கோ வெளியூரிலிருந்து பேசினாள். கணினியில் வீட்டில் இருந்தாள்.

கலாதேவி யோசித்தார்.

“யாராச்சும் பாவிச்சுக் குடுத்தா பழசுதானே?”

“பழசுதான்.”

“பத்துமலைகிட்ட குடுங்க. ஒரு வாரம் பாவிக்கட்டும்.”

பத்துமலை முச்சந்தியில் சாப்பாட்டு ஒட்டுக்கடை வைத்திருப்பவர். சீட்டுக்கட்டை விட மெலிந்த அந்தக் கறுப்புத் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இத எப்படி தம்பி பாவிக்கிறது?”

“எப்படின்னாலும் பரவால்லண்ணே. ரோசாக் ஆகாம, கெட்டுப்போவாம இருந்தா சரி.”

மறுநாள் போனபோது அதன்மேல் சூடான தே தாரிக் கிளாஸ் இருந்தது. அதற்கடுத்த நாள் ஆடிக்கொண்டிருந்த மேசையின் காலுக்கு அடியில் இருந்தது. ஒரு லோரி டிரைவர் அந்த மேசையில் முழங்கையை ஊன்றி ரொட்டி சானாய் பிய்த்துக்கொண்டிருந்தார்.

“நல்ல சாமான் தம்பி,” என்றார் பத்துமலை. “அட்டை வச்சா நசுங்கிப்போவுது. இது அசையல லா. எவ்வளவு?”

தீபன் விலையைச் சொன்னான்.

“மேசையே அதுக்குக் கம்மி,” என்றார் பத்துமலை. அதன்பிறகு அந்த மேசையைத் துடைக்கும்போது கொஞ்சம் மரியாதையாகத் துடைத்தார்.

வீட்டில் பழைய டிஸ்க் டக் டக் என்று அடித்துக்கொண்டது. ஒரு காலை குரல் பாதியில் நின்றது. “கையக் கழு” என்றது. அப்புறம் ஒன்றுமில்லை. கலாதேவி அடுப்பை முழுதாக அணைத்துவிட்டு வெளியே வந்தார்.

“போயி வாங்கிட்டு வாங்க மாப்பிள. வாரம் ஆனது போதும்.”

வாரம் ஆகவில்லை. அவன் கிளம்பினான்.

வாசலில் கலாதேவி எஸ்எஸ்டியை மோந்து பார்த்தார். சம்பல் வாடை. மேலே கிளாஸ் வளையம், ஒரு மூலையில் கீறல்.

“ம். பழசு,” என்று கேட்டைத் திறந்தார்.

தீபன் அதைத் துடைத்தான். கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றினான். உள்ளே தூசியும் ஒரு காய்ந்த பல்லியும் இருந்தன.

“எந்தப் பக்கம் பாத்துச் செத்திருக்கு?” என்றார் கலாதேவி.

“வடக்கு.”

“அப்ப பரவால்ல.”

எஸ்எஸ்டி உட்காரவேண்டிய இடம் அதற்குப் பெரிதாக இருந்தது. நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தில் வந்த ரப்பர் வளையத்தால் கட்டினான். ஒயர்களைச் செருகினான். நகலெடுக்கும் வேலையைத் தொடங்கிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். திரையில் பச்சைக் கோடு ஊர்ந்தது, நின்றது, ஊர்ந்தது.

“அவ பேச்சு இப்ப எங்க இருக்கும்?”

“நடுவுல.”

“ஒயர்லயா?”

“ஒயர்ல.”

கலாதேவி எழுந்துபோய் காற்றாடியை நிறுத்தினார். ஒயர் ஆடக் கூடாதாம். வேர்த்து ஊற்ற இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பத்துமலை கேட்டுக்கு வெளியே வந்து நின்றார்.

“தம்பி, மேசை ஆடுது.”

“மாத்திட்டு இருக்கேண்ணே.”

“இல்ல, அந்தப் பழைய டிஸ்க் இனி வேலைக்கு ஆவாதுன்னா, அதக் குடுத்தாலும் சரி.”

“பழசு வீட்ட விட்டுப் போவக் கூடாது,” என்றார் கலாதேவி. இது புதுச் சட்டம். எஸ்எஸ்டி வந்த பெட்டியை மடித்துக் கொடுத்ததும் பத்துமலை போய்விட்டார்.

பின்னேரம் கோடு முடிந்தது. தீபன் பழைய டிஸ்க்கின் ஒயரைப் பிடுங்கினான். டக் டக் நின்றது. பட்டனை அமுக்கிவிட்டு எழுந்தான்.

நிமிர்ந்து நிற்பதற்குள் காதருகே அவள் சொன்னாள்: “கையக் கழுவிட்டு உக்காருங்க. ஒரே எண்ண.”

முழுதாக இருந்தது. ஆனால் அவன் இன்னும் அடுப்படிக்குப் போகவில்லை. கலாதேவி அடுப்பின் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவன் போய்க் கையைக் கழுவினான். குழாயை மூடினான். கூடத்தில் சத்தமில்லை. அவள் சொல்லி முடித்துவிட்டிருந்தாள்.

திரும்பி வந்தபோது கலாதேவி கணினியைப் பார்த்தபடி நின்றார்.

“என்னா இவளுக்கு இவ்வளவு அவசரம்?”

“புதுசு அத்தை. வேகமாத்தான் இருக்கும்.”

“பழசு பத்தல போல. இன்னும் ரெண்டு வாரம் பத்துமலை மேசையில கெடந்திருக்கணும்.”

இது அப்படியெல்லாம் பழசாகாது என்று விளக்க வாயெடுத்தான். அப்புறம் கணினியை அணைத்தான்.

கலாதேவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அதில் அவர் உட்கார்ந்து அவன் பார்த்ததில்லை.

“எது பட்டன்?”

காட்டினான்.

“நீங்க உள்ள போங்க. கொழாயத் தொறந்துட்டு ஒரு கொரல் குடுங்க. நான் அமுக்குறேன்.”

தீபன் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்தான். “ம்,” என்றான்.

கூடத்திலிருந்து அவள் கூப்பிட்டாள். சரியான தூரத்தில், சரியான சத்தத்தில். அவன் கழுவின கையையே கழுவினான். சவர்க்காரம் போட்டுக் கழுவினான்.

ஈரக் கையோடு திரும்பியபோது கலாதேவி கணினியை அணைக்கச் சொன்னார். அணைத்ததும் எழுந்து, அவனைத் தாண்டி அடுப்படிக்கு நடந்தார்.

“இப்ப நீங்க அமுக்குங்க மாப்பிள. நான் அடுப்பப் பத்த வச்சுக்கிறேன்.”