செஸ்தியுஸ் வீட்டில் வாலாட்டத் தடை

செஸ்தியுஸ் கவிதை வாசிக்கிறார் என்றால் ரோமாபுரியில் நாற்பது பேருக்கு அன்றைய விருந்து உறுதி. ஹெர்மியாஸ் முன்வரிசையில் நின்று இரண்டு விரலைத் தூக்குவான். நாற்பது தொண்டைகளும் 'பிரமாதம்!' என்று கூரையைப் பிய்க்கும். அவரிடம் அடிமையாயிருந்து விடுதலை பெற்றவன் அவன். ஆள் சேர்ப்பதும் விரல் தூக்குவதும் அவன் பொறுப்பு. எங்கள் ஊர்ப் பெரிய வீடுகளில் இதுதான் நடைமுறை, வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

ஆனால் இந்தத் தடவைக் கவிதை போன மாதம் காய்ச்சலில் செத்துப்போன அவர் மகளைப் பற்றியது. பன்னிரண்டு வயதுப் பெண். அவளுக்காக ஒரே ஒரு ஆளாவது நிஜமாக அழுதுவிட மாட்டானா என்று மனிதர் தவித்துக்கொண்டிருந்தார்.

இந்த நேரம் பார்த்து, வாசிப்புக்கு முந்தின இரவு விருந்தில் ஒரு இலக்கண வாத்தியார் வாயைத் திறந்தார். ஊர் கூடி ஒருவரை வானளாவப் புகழ்வதற்கு நாம் 'அதுலாத்தியோ' என்கிறோமே, அந்தச் சொல் முதலில் மனிதருக்கு ஏற்பட்டதே இல்லையாம். எசமானைக் கண்ட நாய் வாலை ஆட்டிக் காலைச் சுற்றிக் குழைகிறதே, அதற்குத்தான் அந்தப் பெயராம். செஸ்தியுஸுக்கு அதற்கப்புறம் சாப்பாடு இறங்கவில்லை.

விடிந்ததும் ஹெர்மியாஸைக் கூப்பிட்டார்.

"இன்னிக்கு ஒருத்தனும் வாயத் திறக்கக் கூடாது. அழுகை வந்தா அழட்டும். வரலைன்னா சும்மா உக்காந்திருக்கட்டும்."

ஹெர்மியாஸ் தலையைச் சொறிந்தான். "எந்த வரியிலங்க ஐயா அழணும்?"

"வர்ற வரியில அழுங்கடா, மடையா."

வாசிப்பு தொடங்கியது. கூடத்தில் ஊசி விழுந்தால் கேட்கும். அவள் மூச்சு நின்ற வரி வந்தது. ஹெர்மியாஸ் ஒரு விரலைத் தூக்கினான். நாற்பது பேரும் ஒன்றுபோல அங்கியின் நுனியை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்கள். விரல் இறங்கியது, அழுகையும் நின்றது.

செஸ்தியுஸுக்கு ஒன்றும் புரியவில்லை. இவர்களில் ஒருவன் உண்மையாகவே அழுதிருந்தால்? அதை எப்படிக் கண்டுபிடிப்பது? மூன்றாம் வரிசையில் ஒருவனுக்குக் கண் சிவந்திருந்தது. ஆனால் பாழாய்ப்போனவனுக்கு வருஷம் முழுக்கக் கண்நோவு.

சுருளைக் கீழே வைத்தார். கவிதையில் இல்லாத ஒன்றைச் சொல்லிவிட்டார்.

"அன்னிக்குக் காலையில அத்திப்பழம் வேணும்னு கேட்டா. காய்ச்சலுக்கு ஆகாது, நாளைக்குத் தர்றேன்னு சொன்னேன்."

ஹெர்மியாஸ் தன் கையிலிருந்த பிரதியை அவசரமாக உருட்டிப் பார்த்தான். அத்திப்பழம் எங்கேயும் இல்லை. நாற்பது பேரும் அவன் விரலையே பார்த்தார்கள். அழுவதா, சும்மா இருப்பதா? எசமானோ ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். இப்படியே விட்டால் அவர் மானம் போய்விடுமே என்று ஹெர்மியாஸ் பதறினான். பழகிய கை, இரண்டு விரலையும் தூக்கிவிட்டது.

"பிரமாதம்! இன்னொரு தடவை!"

அடப்பாவிகளா என்று அவருக்கு நெஞ்சு கொதித்தது. எல்லோரையும் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள வேண்டும் என்றுதான் நினைத்தார். சத்தம் ஓய்கிற வழியாக இல்லை. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அன்னிக்குக் காலையில," என்று மறுபடி ஆரம்பித்தார். அத்திப்பழம் என்ற இடத்தில் குரலைத் தழைத்து, ஒரு கணம் நிறுத்தினார். அங்கே நிறுத்தினால் எடுப்பாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றியிருந்தது.