ஒரே படகு, இரண்டு வழக்கு

குணரத்தினத்தின் லோஞ்ச் கொட்டியாரக் குடாவில் எரிந்து மூழ்கியது ஒரு தரம்தான். ஆனால் காப்புறுதிக் கொம்பனிக்கு எதிரான வழக்குகளில் அது இரண்டு விதமாக எரிந்திருந்தது. திருகோணமலை நீதிமன்றத்தில், படகின் சொந்தக்காரரும் ஓட்டியுமான குணரத்தினத்தின் வாக்குப்படி எஞ்சின் தீப்பிடித்தது. மூதூர் நீதிமன்றத்தில், அதில் சீனியும் மாவும் ஏற்றிய கடைக்காரர் ஜமால்தீனின் வாக்குப்படி ஆயுதம் ஏந்திய தமிழ் இயக்கக்காரர் சுட்டு எரித்தார்கள். இரண்டும் பொய்.

விடியப்புறம் மழை மூட்டத்துக்குள் இருந்து துப்பாக்கிச் சூடு வந்தது என்பதுதான் மெய். சுட்டது யார் என்று இரண்டு கரைக்கும் தெரியும். இங்கே சொல்ல மாட்டோம். சொல்லாமல் இருந்தபடியால்தான் அந்தக் காலத்தில் ஆட்கள் உயிரோடு இருந்தார்கள். சரக்குக்குத் துணையாக வந்த ஜமால்தீனின் மச்சினன் அஸீம் கடலோடு போனான். உடல் கிடைக்கவில்லை. குணரத்தினம் வெறும் எண்ணெய்ப் பீப்பாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தார்.

அன்றைக்கே கடற்படையினர் குடாவைக் கடக்கத் தடை போட்டுவிட்டார்கள். ஆளை ஆள் கண்டு கதைக்க வழியில்லை. அவரவர் கரையில் அவரவர் பொலிசுக்குப் போனார்கள். குணரத்தினத்தின் காப்புறுதி தீக்கும் விபத்துக்கும் மட்டும். ஜமால்தீனோ கூடப் பணம் கட்டி, பயங்கரவாதச் சேதத்துக்கும் எடுத்து வைத்திருந்தார். எந்தக் கதைக்குக் காசு வருமோ, எந்தக் கதையைத் தங்கள் பொலிஸ் மறுபேச்சில்லாமல் எழுதுமோ, அதைச் சொன்னார்கள். இரண்டு வாக்குமூலமும் ஒரு நாள் ஒரே மேசைக்கு வரும் என்று இருவரும் நினைக்கவில்லை. கரணம் தப்பினால் மரணம் என்று இருக்கிறவனுக்கு அடுத்த கரையைப் பற்றி யோசிக்க ஏது நேரம்?

கொம்பனி யோசித்தது. கொழும்பிலிருந்து வந்த அதன் சட்டத்தரணி, படகும் ஒன்று, விடியலும் ஒன்று, ஆகவே வழக்கையும் ஒன்றாக்கித் திருகோணமலையிலேயே விசாரிக்க வேண்டும் என்று கேட்டார். ஆனைக்கும் பானைக்கும் சரி என்று இரண்டையும் மோதவிட்டு, ஒன்றுக்கும் காசு கொடுக்காமல் கையை உதறுவதுதான் அவருடைய எண்ணம்.

"சேர்த்தால் ஒரு கதைதான் நிற்கும்," என்றார் குணரத்தினத்தின் சட்டத்தரணி சோமசேகரம். "ஜமால்தீன்ர கதை நிண்டால், இயக்கம் சுட்ட படகில தமிழன் மட்டும் எப்படித் தப்பினவன் எண்டு கேப்பாங்கள். பிறகு உங்களை எங்க தேடுறது?"

"நான் வழக்கை விட்டிட்டால்?"

"மூதூர் வழக்கில சாட்சிக்குக் கூப்பிடுவாங்கள். அதே கேள்விதான்."

இருதலைக் கொள்ளி எறும்பு என்று சும்மா வாயால் சொல்லுகிறோம். அந்த எறும்பின் பாடு குணரத்தினத்துக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

வழக்குகளைச் சேர்ப்பதில் ஆட்சேபனை உண்டா என்று கேட்பதற்காக ஜமால்தீனையும் அழைத்திருந்தார்கள். நீதிமன்ற வளவில், ஊருக்குள் திரியும் மான்கள் படுத்திருந்த மரத்தடியில், இருவரும் அந்த விடியலுக்குப் பிறகு முதன்முறையாகச் சந்தித்தார்கள்.

"முதலாளி, நீங்கள் சொன்னது நிண்டால் என்னைப் பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள்," என்றார் குணரத்தினம்.

ஜமால்தீன் தொப்பியைக் கழற்றி மடித்தார். "நான் சரக்க மட்டும்தான் நெனச்சன் அண்ணன். ஒங்கள நெனக்கல்ல."

"நானும் உங்களை நினைக்கேல்ல."

"வெடிச் சத்தம் எங்கட கரைக்கும் கேட்டதுதான்." குரலைத் தாழ்த்தினார். "கடை இப்பவே அரைவாசி வெறுமை. இந்தக் காசும் இல்லாட்டிப் பூட்டத்தான் வேணும். பூட்டிட்டுப் போறன். ஒரு ஆள் கடலோட போயிட்டான். இன்னொரு ஆள என்ட வாயால அனுப்ப ஏலா."

அன்றே அவர் தன் வழக்கை வாபஸ் வாங்குவதாகச் சொன்னார். சேர்க்க இரண்டாவது வழக்கு இல்லாமல் போயிற்று. கொழும்புச் சட்டத்தரணியின் முகம் சுருங்கியதைப் பார்த்துச் சோமசேகரம் மேசைக்குக் கீழே குணரத்தினத்தின் கையை அழுத்தினார். குணரத்தினத்துக்கு அழுகை வந்தது. தன் கடையையே ஒருவன் தனக்காகத் தூக்கிக் கொடுத்துவிட்டான் என்ற நன்றியில் வந்த அழுகை அது.

அந்த நன்றிக்குப் பின்னால், எஞ்சின் கதையிலிருந்து வெளியே வரும் கதவும் பூட்டப்பட்டதை அவர் அடுத்த விசாரணைத் தவணையில்தான் கண்டார். படகில் யார் யார் இருந்தார்கள் என்று சொல்ல, கொம்பனி அஸீமின் மனைவி ரபீக்காவுக்கு அழைப்பாணை அனுப்பியிருந்தது. ஜமால்தீன் அவளைக் கூட்டிவந்து பின்வரிசை வாங்கில் இருத்தினார். இயக்கம் சுட்டது என்றுதான் அவளுக்கு அதுவரை சொல்லியிருந்தார்கள்.

குணரத்தினம் சாட்சிக் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தார்.

"சூடு ஏதும் பட்டதா?" என்று கேட்டார் கொழும்புச் சட்டத்தரணி.

"இல்லை, ஐயா. எஞ்சின்தான்."

"எஞ்சினைப் பார்க்க வேண்டியது யார்?"

"நான்தான்."

"அப்படியென்றால் ஒரு மனிதன் உமது கவனக்குறைவால் செத்தான்?"

சோமசேகரம் எழும்பி ஆட்சேபித்தார். அதற்குள் குணரத்தினம் "ஓம்" என்றுவிட்டார். வேறு எதைச் சொன்னாலும் சூட்டுக்குத்தான் போய் முடியும் என்று அவருக்குத் தெரியும்.

வெளியே விறாந்தையில் ரபீக்கா அவருக்கு முன்னால் வந்து நின்றாள். பக்கத்தில் கொம்பனியின் ஆள் ஒருவர் சுவரில் சாய்ந்து நின்றார். படியடியில் துவக்கோடு காவல்காரர். ஜமால்தீன் அவளுக்குப் பின்னால் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எஞ்சின் பார்க்கத் தெரியாட்டி என்னத்துக்கு ஆக்கள ஏத்தின நீங்க?" என்று கேட்டாள். அவள் சத்தம் போடவில்லை. உண்மையிலேயே அறிய வேண்டும் என்று கேட்டாள்.

குணரத்தினம் ஜமால்தீனைப் பார்த்தார். அவர் தலை நிமிரவில்லை. கொம்பனியின் ஆள் பதிலுக்குக் காத்திருந்தார்.

"என்ர பிழைதான், தங்கச்சி," என்றார் குணரத்தினம், இந்தமுறை யாரும் சத்தியம் கேட்காமலே.