கணபதி கங்காணியின் டேப்பு

எல்லாரும் சுகமா இருக்கீங்களா? சளி, இருமல் ஒண்ணும் இல்லையே? இங்க பதுளையில மழை விட்டபாடில்ல. சரி, கதைக்கு வாறேன்.

எழுபத்திரண்டாம் ஆண்டு மாசி மாதம், ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் காமன் கூத்து. சிவனின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சியும், எரியவே இல்லை என்று மறு கட்சியும் டேப்பு என்கிற கைப்பறையைத் தட்டித் தட்டிப் பாட்டிலேயே வாதாடுவார்கள். கேள்விக்குப் பதில் தெரியாதவர் தன் டேப்பை எதிராளியின் காலடியில் வைக்க வேண்டும். ஆனால் கேட்டவருக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கேள்வி செல்லாது.

எரிந்த கட்சிக்கு வீரய்யா. எரியாத கட்சிக்குக் கணபதி கங்காணி.

மன்மதன் எரிந்தால் என்ன, எரியாவிட்டால் வீரய்யாவுக்கென்ன? போன வருடம் அவன் அம்மாவின் பாடை கங்காணி வீட்டைக் கடக்கும்போது, "எம் பொண்ணுக்கு இன்னைக்குப் பரிசம்டா, தப்பு மோளத்த நிறுத்து" என்று மறித்தவர் அவர். அம்மா சத்தமில்லாமலே சுடுகாட்டுக்குப் போனாள். அந்த ஆளின் டேப்புச் சத்தத்தை ஊர் பார்க்க அடக்க வேண்டும். அதற்காகவே வீரய்யா பாட்டுப் பழகினான்.

பொழுது சாய்கிற நேரம், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் வாதம் சூடேறியது.

"ஒலகம் எப்படிங்க உண்டாச்சு, கங்காணியாரே?" என்று கேட்டான் வீரய்யா.

"பிரம்மா படைச்சாரு. இதெல்லாம் ஒரு கேள்வியா?"

"பிரம்மா எங்கிருந்து வந்தாரு?"

"விஷ்ணு தொப்புள்ள பூத்த தாமரையிலேருந்து."

"விஷ்ணு எங்க படுத்திருந்தாரு?"

"பாற்கடல்ல."

"மண்ணும் இல்ல, வானமும் இல்ல, இருட்டுக்குள்ள இருட்டா கெடந்தப்ப கடல் ஏதுங்க? அந்த இருட்டுல மொத அசைஞ்சது எது?"

கங்காணி டேப்பை மட்டும் தட்டிக்கொண்டிருந்தார்.

"தாளம் நல்லாத்தான் இருக்கு, பதிலத்தான் காணோம்" என்றாள் வீரய்யாவின் மனைவி தனலெட்சுமி. பெண்கள் பக்கம் சிரிப்பு.

"நீயே சொல்லுடா பாப்பம்" என்றார் கங்காணி.

வீரய்யாவுக்கு அப்போதுதான் உறைத்தது. பதில், ஆசை. முதலில் பிறந்தது அதுதான். உலகமே அதிலிருந்து வந்ததுதான். ஆசை என்றால் மன்மதன். அவன் எரிந்திருந்தால் கொழுந்து துளிர்க்குமா, பிள்ளை பிறக்குமா? இதைச் சொன்னால் எரிந்த கட்சி தோற்றது. சொல்லாவிட்டால் கங்காணி தப்பிவிடுவார்.

"ஆசைங்க. அது எரியல. எங்க கட்சி தோத்துப்போச்சு" என்றான். "ஆனா ஒங்களுக்குப் பதில் தெரியல. எறக்கி வையுங்க."

"ஜெயிச்சவன் எறக்கணுமா?"

"ஜெயிச்சது ஒங்க கட்சி. தோத்தது நீங்க."

பெரியவர்கள் ஆமாம் என்று தலையசைத்தார்கள். கங்காணி குனிந்து டேப்பை அவன் காலடியில் வைத்தார். கட்சி தோற்றதற்காக வீரய்யாவும் தன் டேப்பைக் கீழே வைத்தான், ஆனால் உடனே இல்லை. காலடியில் குனிந்த அந்த நரைத்த தலையை ஆற அமரப் பார்த்த பிறகுதான். அவன் கட்சிக்காரர்கள் வெகுநாள் அவனோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. அவன் அதைச் சட்டை செய்யவும் இல்லை.

ஒங்க தோட்டத்துல எந்தக் கட்சி ஜெயிச்சுச்சு? இப்படி வஞ்சம் தீத்த ஆள் யாராச்சும் உண்டா? எனக்கு எழுதுங்க, பிள்ளைகளா.